அவுட்டிரைவைக் கழற்றிப் பழுதுபார்க்க ஒரு ஸ்டாண்டு: ரிவியேர் நுவார் கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

மொரீஷியஸ் தீவின் மேற்குக் கரையில், ரிவியேர் நுவார் பகுதியில் டிரெய்லர் மேல் நிறுத்தி வைக்கப்படும் ஆறரை மீட்டர் நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு ஒன்றின் அவுட்டிரைவை, அதாவது பின்சுவருக்கு வெளியே தொங்கும் உந்துபகுதியை, கழற்ற வேண்டி வந்தபோது, அந்த வேலைக்கு எந்த ஸ்டாண்டைத் தேர்வது என்பதை நாங்கள் எப்படி முடிவு செய்தோம் என்பதே இந்த ஆய்வின் பொருள். படகில் இருப்பது ஒற்றைப் ப்ரொப்பெல்லர் கொண்ட மெர்க்குரூசர் ஆல்ஃபா ஒன் என்ற அவுட்டிரைவ், இரண்டாம் தலைமுறை. எந்திரம் படகின் உள்ளே இருக்க, பல்சக்கரப் பெட்டியும் ப்ரொப்பெல்லரும் பின்சுவருக்கு வெளியே தொங்கும் இந்த அமைப்பை 1959-இல் வோல்வோ பென்டா அக்வாமாட்டிக் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பின் வந்த நிறுவனங்களும் அடிப்படையில் அதே ஏற்பாட்டையே பின்பற்றுகின்றன. எங்கள் தீவில் சிறு படகுகளில் பெரும்பாலானவை வெளிப்பொருத்து (அவுட்போர்டு) எந்திரத்தில் ஓடுவதால், அவுட்டிரைவுக்கென்றே கருவிகள் வைத்திருக்கும் பட்டறைகள் அரிது. ஸ்டாண்டு என்ற கேள்வி எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

முந்தைய முறை நடந்ததை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த முறை நாங்கள் எடுத்த ஒவ்வொரு முடிவும் அதிலிருந்து பிறந்ததுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே அவுட்டிரைவைக் கரையோரச் சவுக்கு மரத்தின் கிளையில் செயின் பிளாக் மாட்டி, துணிப் பட்டையால் கட்டித் தூக்கினோம். அந்த வேலையைச் செய்த மூவரில் நானும் ஒருவன். கழற்றும்போது எந்தச் சிக்கலும் தோன்றவில்லை. திரும்பப் பூட்டும்போது, தொங்கிய எடை ஒரு முறை காற்றில் அசைந்து, முன்னே நீண்டிருந்த யூ-ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் (வளையும் மூட்டுள்ள சுழல்தண்டின்) முனை ரப்பர் துருத்தியின் வாயில் இடித்தது. துருத்தியை வெளியே இருந்து தடவிப் பார்த்தோம். கிழிசல் தெரியவில்லை என்பதால் அப்படியே பூட்டிவிட்டோம். அந்த இடிபட்ட இடத்திலிருந்து தொடங்கிய மெல்லிய வெடிப்பு வழியே கடல்நீர் கசிந்து, அந்த ஷாஃப்ட்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கைத் துருப்பிடிக்க வைத்தது என்பது, சுக்கானைத் திருப்பும்போதெல்லாம் பின்புறத்திலிருந்து ஓர் உறுமல் எழத் தொடங்கிய பிறகே தெரிந்தது.

துருத்தி என்று நான் சொல்வது பெல்லோஸ் எனப்படும் ரப்பர் குழாய். எந்திரத்திலிருந்து வரும் சுழற்சி பின்சுவரின் துளை வழியாக அவுட்டிரைவுக்குப் போகும் இடத்தில், யூ-ஜாயிண்டைச் சுற்றி நீர் புகாமல் காப்பது இதுதான். இது கிழிந்தால் முதலில் பேரிங் போகும், பிறகு ஜாயிண்ட் போகும். கவனிக்காமல் படகை நீரிலேயே விட்டால் நீர் பின்சுவரைத் தாண்டிப் படகுக்குள்ளும் வந்துவிடும். ஆகவே அவுட்டிரைவைக் கழற்றும் ஸ்டாண்டு என்பது எடையைத் தாங்கும் வெறும் சட்டம் அன்று. அந்த ரப்பரையும் பேரிங்கையும் ஷாஃப்ட் முனையிலுள்ள ஸ்ப்ளைன் பற்களையும் காப்பதுதான் அதன் முதல் வேலை.

எடை என்ன செய்கிறது

ஸ்டாண்டு விற்பவர்கள் முதலில் சொல்வது எத்தனை கிலோ தாங்கும் என்பதையே. எங்கள் அனுபவத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. இந்த வகை ஒற்றைப் ப்ரொப்பெல்லர் அவுட்டிரைவ் ஏறத்தாழ 50 கிலோ. அந்த எடையைத் தாங்காத இரும்புச் சட்டத்தைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். கடினமானது வேறு. பின்சுவரில் உள்ள மணிவடிவக் கூட்டோடு அவுட்டிரைவை இணைக்கும் ஆறு நட்டுகளும் கழன்ற பின், அது உடனே விடுபட்டு விழுவதில்லை. ஓர் அடிக்கும் மேல் முன்னே நீண்டிருக்கும் ஷாஃப்ட், கிம்பல் பேரிங்கின் துளைக்குள்ளும் அதற்கும் முன்னே எந்திரத்தின் கப்ளரிலும் (சுழற்சியை ஷாஃப்ட்டுக்குக் கடத்தும் இணைப்பிலும்) இன்னும் செருகியே இருக்கும். அந்த நீளம் முழுவதும் வெளியே வரும் வரை, அவுட்டிரைவ் ஒரே நேர்கோட்டில், உயரமும் சாய்வும் மாறாமல், பின்னோக்கி நகர வேண்டும். பின்புறம் ஒரு விரற்கடை தாழ்ந்தாலும் மொத்த எடையும் நெம்புகோல் போல ஷாஃப்ட்டின் முனையில் ஏறி, பேரிங்கையும் கப்ளரின் பற்களையும் நெரிக்கும்.

பூட்டும்போது இதே பயணம் எதிர்த்திசையில் நடக்கிறது. ஆனால் இப்போது முனை எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. துருத்திக்குள் நுழைந்த ஷாஃப்ட், பேரிங்கைத் தாண்டி, கப்ளரின் பற்களோடு பல்லுக்குப் பல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ப்ரொப்பெல்லரைக் கையேடு சொல்லும் திசையில் மெல்லத் திருப்ப வேண்டும்; கியர் முன்னோக்கி இருக்கும் நிலையில் அது உள்ளே ஷாஃப்ட்டையும் திருப்பும் என்பதால் பற்கள் தம் இடத்தைக் கண்டுகொள்ளும். அப்படித் திருப்பும் நேரம் முழுவதும் அவுட்டிரைவ் அசையாமல் நிற்க வேண்டும், அதே சமயம் ஒரு கையால் தள்ளினால் முன்னே நகரவும் வேண்டும். நிற்பதும் நகர்வதும் ஒன்றாகக் கிடைக்க வேண்டிய இந்த ஒரு கணத்துக்காகத்தான் ஸ்டாண்டைத் தேர்கிறோம். கழற்றுவதை வைத்துத் தேர்ந்தெடுத்தால் எந்த ஸ்டாண்டும் போதுமானதாகத் தோன்றும்.

பரிசீலித்த வழிகள்

முதலில் பார்த்தது எந்திரம் தூக்கும் மடக்குக் கிரேன். வாடகைக்குக் கிடைத்தது, வலுவானது, உயரத்துக்குக் குறைவில்லை. ஆனால் கிரேனில் எடை தொங்குகிறது. தொங்கும் எடை தன் ஈர்ப்பு மையத்துக்கு நேர் மேலே கொக்கி வரும் வரை தானாகவே சாயும். அந்தச் சாய்வைக் கட்டுப்படுத்த இன்னொருவர் கீழே இருந்து பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சவுக்கு மரக் கிளையில் எங்களுக்கு நடந்ததும் இதுதான். கிளைக்குப் பதில் இரும்புக் கை என்பதைத் தவிர வேறுபாடு இல்லை. ஆகவே அதை விரைவாகவே கைவிட்டோம்.

இரண்டாவது, மோட்டார்சைக்கிள் தூக்கும் ஹைட்ராலிக் மேடையின் மேல் மரத் தொட்டில் ஒன்றைப் பொருத்துவது. சமமான சிமெண்டுத் தரையுள்ள கொட்டகையில் வேலை செய்பவர்களுக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். செலவு குறைவு, வேறு வேலைகளுக்கும் உதவும். எங்களுக்குத் தடையாக நின்றவை இரண்டு. மிதிகட்டையை ஒரு முறை அழுத்தினால் மேடை ஏறும் அளவு எங்களுக்கு வேண்டிய நுட்பத்தைவிடப் பெரியது. இறக்கும்போது வால்வைத் திறந்த வேகத்துக்கு ஏற்ப அது சட்டென்று தாழ்கிறது. பல் பொருந்தும் நேரத்தில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் இறக்க வேண்டும் என்றால், ஹைட்ராலிக் வால்வில் அந்த அளவை எடுப்பது பழகிய கைக்கும் எளிதல்ல.

மூன்றாவது, அவுட்டிரைவுக்கென்றே தயாராகும் சக்கர ஸ்டாண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். இரும்புப் பொருளுக்குக் கப்பல் கட்டணமும் சுங்கமும் சேர்ந்தால் விலை எங்கே போய் நிற்கும் என்பது தீவில் வாழும் எல்லோருக்கும் தெரிந்ததே. அதன் வடிவமைப்பு நன்றாகவே இருந்தது: காவிட்டேஷன் தட்டின் (ப்ரொப்பெல்லருக்கு மேலே உள்ள கிடைத்தட்டின்) இரு பக்கமும் ஏந்தும் இரண்டு கரங்கள், ப்ரொப்பெல்லருக்குக் கீழே நீளும் கீழ்த் துடுப்பு இறங்கிக்கொள்ள நடுவே ஒரு பிளவு, உயரத்துக்கு ஒரு திருகு. ஆனால் அதன் சக்கரங்கள் 50 மில்லிமீட்டர் விட்டம் உடையவை. விலையைவிட அந்தச் சக்கரங்கள்தான் எங்களை நிறுத்தி வைத்தன.

சக்கரமும் தரையும்

எங்கள் படகு நிற்கும் இடம் கொட்டகை அன்று. பவளமணலும் கருங்கல் சரளையும் கலந்த திறந்தவெளி. இந்தத் தீவே எரிமலைப் பாறையால் ஆனது என்பதால், கரையோரம் எங்கே மண்ணைக் கிளறினாலும் கருங்கல் துண்டு மேலே வரும். அப்படிப்பட்ட தரையில் சிறிய சக்கரம் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டே பார்த்தோம். ஒரு சக்கரம் கல்லின் மேல் ஏற வேண்டுமானால் அதைத் தள்ள வேண்டிய விசை, சக்கரத்தின் ஆரத்தையும் கல்லின் உயரத்தையும் பொறுத்தது. 6 மில்லிமீட்டர் உயரமுள்ள சரளைக்கல் எதிரே வந்தால், 50 மில்லிமீட்டர் விட்டச் சக்கரத்தைத் தள்ள அதன் மேல் இருக்கும் சுமையில் ஏறத்தாழ 85 விழுக்காடு விசை வேண்டும். 150 மில்லிமீட்டர் விட்டச் சக்கரத்துக்கு 43 விழுக்காடு போதும். அவுட்டிரைவும் ஸ்டாண்டுமாக மொத்தம் 90 கிலோ, அதில் பாதி முன்சக்கரங்களின் மேல் என்று வைத்துக்கொண்டால், முதல் ஸ்டாண்டை 38 கிலோ விசையோடு உந்த வேண்டும், இரண்டாவதை 19 கிலோவோடு. 38 கிலோ விசையோடு உந்துகிறவர் கல்லைத் தாண்டியதும் தன் வேகத்தை அடக்க முடியாது. அந்த வேகம் நேராகத் துருத்தியின் வாயில்தான் போய் முடியும்.

கவிழும் ஆபத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டியிருந்தது. தொட்டிலில் ஏற்றிய நிலையில் அவுட்டிரைவின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் உயரத்தில் வந்தது. அடிச்சட்டத்தின் அகலம் 400 மில்லிமீட்டராக இருந்தால் பக்கவாட்டில் 16 பாகை சாய்ந்தாலே அது கவிழும்; 600 மில்லிமீட்டராக்கினால் 23 பாகை வரை நிற்கும். மணலில் ஒரு சக்கரம் புதைந்தாலே பத்துப் பாகைக்கு அருகில் போய்விடும் என்பதால், முதல் எண் எங்களுக்கு ஏற்புடையதாக இல்லை.

இந்தக் கணக்குகளைப் படகின் உரிமையாளரிடம் காட்டியபோது, கடலில் நாற்பது ஆண்டு கழித்த அந்தப் பெரியவர், “தம்பி, அப்படியானால் ஸ்டாண்டை விடுங்கள், தரையை முதலில் சரி செய்யுங்கள்” என்றார். “சரிங்க ஐயா, இரண்டையுமே செய்துவிடுவோம்” என்றேன். அவர் சொன்னதில் இருந்த நியாயம் எனக்கு அன்றே முழுமையாக விளங்கியது என்று சொல்ல முடியாது. 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள மரைன் ப்ளைவுட் பலகைகள் இரண்டை வாங்கி, சரளையைச் சமன்படுத்தி, படகின் பின்சுவரிலிருந்து பின்னோக்கி நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக விரித்தோம். பலகைகள் சந்திக்கும் இடத்தில் அடியில் ஒரு மரத்துண்டைக் கொடுத்துத் திருகினால் விளிம்பு மேடாக எழாது. இந்த வேலை முழுவதிலும் செலவிட்ட பணத்துக்கு மிக அதிகப் பயனைத் தந்தவை அந்த இரண்டு பலகைகளே.

நாங்கள் செய்த ஸ்டாண்டு

ஸ்டாண்டை உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்யத் தீர்மானித்தோம். அடிச்சட்டம் 900 க்கு 600 மில்லிமீட்டர், சதுரக் குழாயால் ஆனது. நான்கு மூலையிலும் 150 மில்லிமீட்டர் ரப்பர் சக்கரங்கள். பின்னிரண்டு மட்டும் திரும்பக்கூடியவை, பிரேக் உடையவை. முன்னிரண்டும் நிலையாக இருப்பதால் ஸ்டாண்டு நேர்கோட்டை விட்டு விலகாது. நான்கும் திரும்பும் சக்கரங்களாக இருந்தால் தள்ளும்போது பக்கவாட்டில் நழுவும். உயரத்துக்கு 4 மில்லிமீட்டர் புரியிடைவெளி உள்ள திருகு. கைப்பிடியைக் கால் சுற்று சுற்றினால் தொட்டில் சரியாக ஒரு மில்லிமீட்டர் ஏறும் அல்லது இறங்கும். கையை எடுத்துவிட்டால் அங்கேயே நிற்கும். முன்பின் சாய்வுக்குத் தொட்டிலின் அடியில் ஒரு கீலும் இன்னொரு சிறிய திருகும். உயரத்தின் எல்லைகளை, டிரெய்லர் மேல் படகு நின்ற நிலையில் காவிட்டேஷன் தட்டின் உயரத்தை அளந்து, அதற்கு மேலும் கீழும் ஒரு கைப்பிடி அளவு விட்டு முடிவு செய்தோம். டிரெய்லரின் டயர்க் காற்று குறைந்தாலே அந்த உயரம் மாறும் என்பதால், அளப்பதற்கு முன் காற்றை நிரப்பினோம்.

தொட்டிலில் அவுட்டிரைவ் தொடும் இடமெல்லாம் தடித்த ரப்பர் வைத்த மரக்கட்டை. அவுட்டிரைவின் உடல் அலுமினியம். உப்புக் காற்றில் இரும்போ துருப்பிடிக்காத எஃகோ அதன் மேல் நேரடியாக உரசி வண்ணம் பெயர்ந்தால், அந்த இடத்திலிருந்தே அரிப்பு தொடங்கும். பழைய பட்டறைகளில் செம்பு கலந்த பாசித்தடுப்பு வண்ணம் பூசிய மரக்கட்டைகளை இந்த வேலைக்கு எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அலுமினியத்துக்கு அதைவிடக் கெட்ட துணை வேறில்லை. மேலே, பல்சக்கரப் பெட்டியின் கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை தொட்டிலோடு கட்டப்படுகிறது. அது எடையைத் தாங்குவதற்கு அன்று, அவுட்டிரைவ் முன்புறமாகத் தலைகுப்புறச் சாயாமல் இருப்பதற்கு.

வேலைக்கு முந்தைய நாள் 80 கிலோ மணல் மூட்டைகளைத் தொட்டிலில் ஏற்றி ஓர் இரவு விட்டோம். காலையில் திருகு இறங்கியிருக்கவில்லை. ஆனால் ஏந்தும் கரங்கள் இரண்டும் வெளிப்புறமாக 5 மில்லிமீட்டர் விரிந்திருந்தன. அவற்றுக்கு நடுவே குறுக்குத் தண்டு வைக்க முடியாது, கீழ்த் துடுப்பு இறங்க வேண்டிய இடம் அது. ஆகவே கரங்களின் வெளிப்புறத்தில் முக்கோணத் தகடுகளைப் பற்றவைத்தோம். இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டிருந்தால், அந்தக் குறை அவுட்டிரைவ் ஏறிய பிறகே தெரிந்திருக்கும்.

கழற்றியதும் பூட்டியதும்

புயல் பருவம் நவம்பர் 1-இல் தொடங்குவதால், அதற்கு முன் படகு எப்போது வேண்டுமானாலும் இழுத்துச் செல்லும் நிலையில் இருக்க வேண்டும் என்று அக்டோபர் நடுவில் வேலையைத் தொடங்கினோம். முதலில் எண்ணெயை வடித்தோம்; மேலே உள்ள காற்றுத் திருகைத் திறந்தால்தான் கீழே சீராக இறங்கும். எண்ணெய் பால்நிறமாக இல்லாததால் பல்சக்கரப் பெட்டிக்குள் நீர் புகவில்லை என்பது உறுதியாயிற்று. பிறகு கியரை முன்னோக்கிய நிலையில் வைத்து, ஸ்டாண்டைத் தள்ளிக் காவிட்டேஷன் தட்டைத் தொட்டில் மெல்லத் தொடும் வரை உயர்த்தினோம். அதன் பின்னரே, அவுட்டிரைவை ஏற்றி இறக்கும் ட்ரிம் சிலிண்டர்களின் பின்முனைத் தண்டை உருவினோம். இந்த வரிசை மாறக் கூடாது. சிலிண்டர்கள் விடுபட்டதும் அவுட்டிரைவ் கீலில் ஊசலாடத் தொடங்கும். அதற்குள் எடை ஸ்டாண்டின் மேல் வந்திருக்க வேண்டும்.

ஆறு நட்டுகளும் கழன்ற பின் ஸ்டாண்டை ஒருவர் மட்டும் பின்னோக்கி இழுத்தார். ஷாஃப்ட் வெளியே வரும் வரை நான் துருத்தியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எங்கும் தொடவில்லை. உள்ளே கிம்பல் பேரிங் எதிர்பார்த்தபடியே துருப்பிடித்துச் சொரசொரப்பாகச் சுழன்றது. துருத்தியின் இரண்டாவது மடிப்பில், மூன்றாண்டுக்கு முன் இடித்த அதே பக்கத்தில், விரல் நகம் நீளத்துக்கு வெடிப்பு. பேரிங், துருத்தி, இம்பெல்லர் (குளிர்நீர் பம்பின் சுழலி), ஆனோடுகள் (அரிப்பைத் தாம் ஏற்கும் உலோகக் கட்டிகள்) ஆகியவற்றை மாற்றியது வழக்கமான வேலை. அதை இங்கே விரிக்கத் தேவையில்லை.

பூட்டுவதற்கு முன், சீரமைப்புத் தண்டை உள்ளே செலுத்தி, எந்திரத்தின் கப்ளரும் பேரிங்கும் ஒரே கோட்டில் இருப்பதைச் சரிபார்த்தோம். தண்டின் முனையில் பூசிய கிரீசில் பற்களின் தடம் சுற்றிலும் சமமாகப் பதிய வேண்டும். முதல் முறை கீழ்ப்பக்கம் மட்டும் ஆழமாகப் பதிந்ததால் எந்திரத்தின் முன்தாங்கியைச் சரிசெய்து மறுபடி பார்த்தோம். எந்திரமே கோட்டில் இல்லாதபோது எவ்வளவு நல்ல ஸ்டாண்டும் ஷாஃப்ட்டை உள்ளே கொண்டுபோகாது. அந்த நேரத்தில் குறையை ஸ்டாண்டின் மேல் சுமத்தி, நட்டுகளை முறுக்கி அவுட்டிரைவை இழுத்துப் பொருத்தப் பார்ப்பது பலர் செய்யும் தவறு. உடைவது பெரும்பாலும் கப்ளர்தான்.

ஸ்டாண்டு தன் தகுதியை நிரூபித்தது அதற்குப் பிறகு. ஷாஃப்ட் பேரிங்கைத் தாண்டி, கப்ளரைத் தொட்டு நின்றது. கூடுகளுக்கு நடுவே மூன்று விரல் இடைவெளி. தம்பி ஒருவன் ப்ரொப்பெல்லரைத் திருப்ப, நான் திருகைக் கால் சுற்று ஏற்றினேன், பயனில்லை; மறுபடி அரைச் சுற்று இறக்கினேன். அப்போது ஓர் உள்ளங்கை அழுத்தத்துக்கே அவுட்டிரைவ் முன்னே வழுக்கிப் போய்க் கூட்டோடு கூடு பொருந்தி நின்றது. மில்லிமீட்டருக்கும் இரண்டு மில்லிமீட்டருக்கும் இடையே இருந்த அந்த வேறுபாட்டை மரக்கிளையிலோ கிரேனிலோ நாங்கள் தேடியிருக்கவே முடியாது. நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் படிப்படியாக முறுக்கி, டார்க் ரெஞ்சில் 68 நியூட்டன் மீட்டரில் நிறுத்தினோம். எண்ணெயைக் கீழ்த் துளை வழியாக ஏற்றி மேல் துளையில் வழியும் வரை நிரப்பினோம்.

பழுதுபார்க்கும் ஸ்டாண்டு பற்றி

கழற்றும் ஸ்டாண்டிலேயே அவுட்டிரைவை வைத்து முழுப் பழுதுபார்ப்பையும் செய்துவிடலாமா என்று சிலர் கேட்டார்கள். கூடாது என்பதே என் கருத்து. சக்கரம் உள்ள, கீல் உள்ள, உயர்ந்து நிற்கும் ஒன்றின் மேல் சுத்தியலும் நெம்புகோலும் பயன்படுத்தக் கூடாது. அவுட்டிரைவின் முன்முகத்தை, அதே ஆறு துளைகளில் போல்ட்டால் பூட்டிக்கொள்ளும் கனத்த தகடு ஒன்றை வேலைமேசையின் காலோடு பற்றவைத்தோம். செலவு மிகக் குறைவு. கீழ்ப்பகுதியைப் பிரித்து இம்பெல்லர் மாற்றுவதற்கும், எண்ணெய் சொட்டுச் சொட்டாக முழுதும் வடிவதற்கும் அது போதுமானது. சுழலும் தலை உள்ள விலையுயர்ந்த ஸ்டாண்டு, பல்சக்கரங்களைப் பிரித்து இடைவெளித் தகடுகளை அளந்து அமைக்கும் வேலைக்கே தேவை; அந்த வேலைக்கான அளவுகருவிகள் இல்லாத எங்களுக்கு அந்தச் ஸ்டாண்டு மட்டும் இருந்து பயனில்லை.

இந்த ஸ்டாண்டு அதன் பின் வேறு இரண்டு படகுகளுக்கும் இரவலாகப் போயிற்று. ஒன்று இதே வகை அவுட்டிரைவ். எந்த மாற்றமும் இல்லாமல் வேலை முடிந்தது. மற்றொன்று எதிரெதிரே சுழலும் இரட்டைப் ப்ரொப்பெல்லர் கொண்ட கனமான வகை. அதன் காவிட்டேஷன் தட்டு அகலமானது, எடையும் கணிசமாகக் கூடியது; எங்கள் தொட்டிலின் கரங்கள் அதன் விளிம்பை மட்டுமே தொட்டன. கேட்டவர் பழகியவர், அவசரத்திலும் இருந்தார். ஆனாலும் அன்று ஸ்டாண்டைத் தரவில்லை. அகலமான கரங்களோடு இரண்டாவது தொட்டில் ஒன்றைப் பற்றவைத்து, அந்த எடைக்கும் அதன் பாதிக்கும் சேர்த்து மணல் மூட்டை ஏற்றி ஓர் இரவு விட்டுப் பார்த்த பிறகே, ப்ளைவுட் பலகைகள் இரண்டையும் கூடவே ஏற்றி அனுப்பினோம்.